நான் பழக்கிய குதிரை

"ஏனுங்க, நீங்களே பழக்குனதுங்களா?"

கேட்டவர் எங்கள் ஊர் மாரியம்மன் கோவில் தர்மகர்த்தா. தீர்த்தக்குட ஊர்வலம் கோவில் வாசலுக்கு வந்து நின்றிருந்தது. நல்ல காலை வெயில். ஈரத் துணியோடு குடம் சுமந்து வந்த பெண்கள் வேப்பமர நிழலுக்கு ஒதுங்கிக்கொண்டிருந்தார்கள். தப்பட்டைக்காரர்கள் நெற்றியைத் துடைத்துக்கொண்டே என்னைப் பார்த்தார்கள்.

நான் ஒரு செவலைக் குதிரையின் மேல் உட்கார்ந்திருந்தேன். அதுவரை அரை மணி நேரம் அந்தக் குதிரை தப்பட்டை அடிக்குத் தகுந்தாற்போல் முன்னங்கால்களை மாற்றி மாற்றித் தூக்கி ஆடியிருந்தது. ஊரே வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தது.

"ஆமாங்க," என்றேன்.

பொய். அந்தக் குதிரைக்கு நான் ஒன்றையும் பழக்கவில்லை. பழக்கினேன் என்றால், என்னைக் கண்டால் நடுங்குவதற்குப் பழக்கினேன். இந்தத் தொடரில் இதுவரை என்னைப் பற்றிக் கொஞ்சம் பெருமையாகவே எழுதிக்கொண்டு வருகிறேன் என்று என் மனைவி சரோஜாவுக்கு ஒரு குறை உண்டு. இந்த வாரம் அந்தக் குறை தீர்ந்துவிடும்.

ஞாயிற்றுக்கிழமை ஆசை

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது இது. துடியலூரில் என் கிரைண்டர் பட்டறை நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. மாவு தள்ளச் சாய்த்துக்கொள்கிற மாதிரி கிரைண்டர் வந்த புதிது. கல்யாணச் சீருக்கு அது இல்லாமல் முடியாது என்று ஆகியிருந்தது. வீடு கட்டினேன், கார் வாங்கினேன், வாசலில் கிரானைட் பதித்தேன். அதோடு நின்றிருக்கலாம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மில் வைத்திருக்கும் ஒரு நண்பரைப் பார்க்கக் கோயமுத்தூர் போயிருந்தேன். அவர் குதிரை மேல் வந்தார். இறங்கவில்லை. மேலே இருந்தபடியே பேசினார். நான் கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்துப் பதில் சொன்னேன்.

வீடு திரும்பும்போது எனக்கு ஆசை வந்துவிட்டது. அதைக் குதிரை ஆசை என்று சொல்வது குதிரைக்கு மரியாதையில்லை. நாலு பேர் என்னையும் அண்ணாந்து பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

அந்த நண்பரிடமே இரண்டு ஞாயிறு போய் ஏறிப் பழகினேன். அவர் கொடுத்தது ஒரு கிழட்டுக் குதிரை. அது தானாக நடந்தது, தானாகத் திரும்பியது, மாமரத்தடிக்கு வந்ததும் தானாக நின்றது. எனக்குக் குதிரை ஓட்டத் தெரிந்துவிட்டது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

மாடு பார்த்த கண்

எங்களுடையது மாடு வைத்திருந்த குடும்பம். அவிநாசிக்குப் பக்கத்தில் எங்கள் சொந்த ஊரில் இருக்கும் தோட்டத்தில் காங்கயம் காளைகள் இல்லாமல் ஒரு வருஷமும் இருந்ததில்லை. சந்தையில் மாடு பார்ப்பதற்கு எங்கள் பக்கத்தில் ஒரு முறை உண்டு. முகத்தை விறைப்பாக வைத்துக்கொண்டு பல்லைப் பார்ப்போம், சுழி பார்ப்போம், நடக்கவிட்டுக் குளம்பைப் பார்ப்போம். விற்கிறவனிடம் ஒன்றும் கேட்க மாட்டோம். கேட்டால் புதுசு என்று தெரிந்துவிடும். தெரிந்தால் தலையில் கட்டிவிடுவான்.

இதே முறையை எடுத்துக்கொண்டு அந்த ஆடி மாதம் அந்தியூர் குதிரைச் சந்தைக்குப் போனேன். கூட வந்தவர் பழனிச்சாமி. தோட்டத்தில் எங்களோடு இருபது வருஷமாக இருப்பவர். என்னைவிட ஐந்தாறு வயது பெரியவர், பேச்சு குறைவு.

செவலையைப் பார்த்ததும் பிடித்துவிட்டது. நெற்றியில் நாமம் போட்ட மாதிரி ஒரு வெள்ளை. பெட்டைக் குதிரை. கழுத்தை வளைத்து நின்ற நிற்பே தனி. நான் நேராகப் போய் அதன் உதட்டைப் பிரித்தேன்.

மாட்டுக்கு மேல்வாயில் முன்பல் கிடையாது. குதிரைக்கு உண்டு. அதைப் பார்த்ததும் ஒரு கணம் திடுக்கிட்டுப் போனேன். ஆனாலும் முகத்தில் காட்டிக்கொள்ளாமல், "ம், சரிதான்," என்று தலையை ஆட்டினேன். இதை எழுதும்போது எனக்கே சிரிப்பு வருகிறது. அன்றைக்கே வந்திருந்தால் அந்தக் குதிரை என்னிடமிருந்து தப்பித்திருக்கும்.

விற்றவர் பவானிப் பக்கத்துக்காரர். காதர் பாய் என்றார்கள். முழங்காலில் துணி சுற்றிக்கொண்டு ஒரு பக்கம் சாய்ந்து நடந்தார். பேச்சு முடிந்து கயிறு என் கைக்கு வந்தபோது அவர், "ஏனுங்க, ஒரு விசயம் சொல்லிப்போடறேனுங்க. இது வந்துங்க..." என்று ஆரம்பித்தார்.

"எல்லாம் பாத்தாச்சுங்க பாய். மாடு கன்னு பாக்காத குடும்பமுங்களா?" என்றேன்.

அவர் நிறுத்திக்கொண்டார். மேற்கொண்டு பேசினால் என்னை அவமானப்படுத்துவதாக ஆகும் என்று நினைத்திருப்பார். குதிரையின் கழுத்தில் முகத்தை ஒரு தடவை வைத்து எடுத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போனார். ஏமாற்றிவிட்ட பயத்தில் போகிறார் என்று நான் பழனிச்சாமியிடம் சொன்னேன்.

இழுத்தால் நிற்க வேண்டும்

காளையை நிறுத்த வேண்டும் என்றால் கயிற்றை இழுப்போம். குதிரைக்கு லகான். அதையும் இழுத்தால் நிற்க வேண்டும். இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

முதல் நாள் தோட்டத்துப் பாதையில் ஏறினேன். நாலு எட்டு ஒழுங்காக நடந்தது. வாய்க்கால் பாலம் வந்ததும் நிறுத்துவதற்காக இழுத்தேன். நிற்கவில்லை. நின்ற இடத்திலேயே காலைத் தூக்கித் தூக்கி வைத்துக் குதிக்க ஆரம்பித்தது. நான் பயந்துபோய் முழங்காலை இறுக்கிக்கொண்டு இன்னும் இழுத்தேன். அது இன்னும் உயரமாகத் தூக்கியது. விழுந்தேன். நல்லவேளை, சோளத்தட்டுப் போர் மேல் விழுந்தேன்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். பட்டறையில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் மனிதர்களிடம் கோபத்தையும் மரியாதையாகத்தான் காட்டுவேன். "இப்படிச் செஞ்சுபோட்டீங்களேங்க" என்பதற்கு மேல் என் வாயில் வராது. ஊரில் என்னைத் தங்கமான மனுஷன் என்பார்கள். குதிரையிடம் அந்தத் தங்கம் எங்கே போனதென்று தெரியவில்லை. எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டு போய்ச் சாட்டையை எடுத்தேன்.

அடித்தேன். அது ஆடியது. அடங்கவில்லை என்று மறுபடி அடித்தேன். இன்னும் வேகமாக ஆடியது. வாயில் நுரை தள்ளியது. எனக்குக் கை வலித்தபோதுதான் நிறுத்தினேன்.

ஒவ்வொரு ஞாயிறும் இதே கதை. சில வாரம் வியாழக்கிழமையும் போனேன். இழுப்பேன், ஆடும், அடிப்பேன், இன்னும் ஆடும். ஐப்பசி வந்தபோது அதன் கடைவாய் இரண்டு பக்கமும் கிழிந்திருந்தது. காதோரம் ஒரு தழும்பு. என் கார் சத்தம் கேட்டாலே கொட்டகையின் மூலைக்குப் போய் நின்றுகொள்ளும். "பயம் வந்திருச்சு, இனி வழிக்கு வந்திரும்," என்று நான் பழனிச்சாமியிடம் சொன்னேன்.

பழனிச்சாமி ஒரு நாள், "கயித்தக் கொஞ்சம் எளக்கிப் புடிச்சுப் பாத்தா தேவலைங்களோ என்னமோங்க," என்றார். சொல்லிவிட்டுத் தீவனத் தொட்டியைக் கழுவப் போய்விட்டார். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

சரோஜா மட்டும் சுற்றி வளைக்கவில்லை. ஒரு ஞாயிறு என்னோடு தோட்டத்துக்கு வந்தவள், குதிரையின் வாயில் இருந்த ரத்தத்தைப் பார்த்தாள். மஞ்சளும் நல்லெண்ணெயும் குழைத்து எடுத்துக்கொண்டு போனாள். அவளைக் கிட்டே விட்டது.

"ஏனுங்க, பட்டறையில மோட்டாரு ஓடலீன்னா சாட்டையில அடிப்பீங்களா? கழட்டித்தான பாப்பீங்க?"

"மோட்டாருக்குத் திமிர் இருக்காது," என்றேன்.

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வைக்கு அன்றைக்கு அர்த்தம் கேட்டிருக்க வேண்டும்.

அரை மணி நேரம்

இனி கோவில் வாசலுக்கு வருகிறேன்.

கார்த்திகையில் எங்கள் ஊர் மாரியம்மன் நோம்பித் திருவிழா. "ஊர்வலத்துக்கு முன்னால உங்க குதிர வந்தா எடுப்பா இருக்குமுங்க," என்று தர்மகர்த்தாவே வந்து கேட்டார். முடியாது என்றால் குதிரை எனக்கு அடங்கவில்லை என்று ஆகிவிடும். சரி என்று சொல்லிவிட்டேன். கூட்டத்தில் பெண்களும் குழந்தைகளும் இருப்பார்கள், இது யார் மேலாவது காலை வைத்துவிட்டால் என்ன செய்வது?

பயத்தில் லகானை இரண்டு சுற்றுக் கையில் சுற்றி இறுக்கிப் பிடித்தபடி ஏறினேன். ஊர்க் கிணற்றடியில் தப்பட்டை ஆரம்பித்தது.

செவலையின் காது இரண்டும் முன்னால் திரும்பின. கழுத்து வளைந்தது. வலது காலைத் தூக்கியது, வைத்தது. இடது காலைத் தூக்கியது. அடிக்கு ஒரு கால், பிசகாமல். தப்பட்டைக்காரர்களில் ஒருவர் அதைக் கவனித்து அடியை மாற்றினார். குதிரையும் மாற்றியது. கூட்டம் ஓ என்று கத்தியது.

நான் நிறுத்துவதற்காக இழுத்தேன். கால் மார்பு உயரத்துக்கு வந்தது.

பாதி வழியில் கை மரத்துப்போய் லகான் தானாகத் தளர்ந்தது. குதிரை நின்றது. மரம் மாதிரி நின்றது. பின்னால் வந்தவர்கள் முட்டிக்கொள்ளப் பார்த்தார்கள். நான் அவசரமாக மறுபடி இழுத்தேன். ஆடியது. தளர்த்தினேன். நின்றது.

கிரைண்டரில் எந்த ஒயர் எதற்கு என்று இருட்டில் தொட்டுச் சொல்கிறவன் நான். இது புரிய எனக்கு நாலு மாதம் ஆகியிருக்கிறது.

அது ஆட்டக் குதிரை. கல்யாணத்துக்கும் கோவிலுக்கும் ஆடுவதற்கென்று குட்டியிலிருந்து பழக்கிய குதிரை. லகானை இழுத்தால் ஆட வேண்டும், சாட்டை பட்டால் காலை இன்னும் உயரத் தூக்க வேண்டும், தளர்த்தினால் நிற்க வேண்டும். அதற்குச் சொல்லிக் கொடுத்தது இது. நான் இழுத்தபோதெல்லாம் ஆடு என்று சொல்லியிருக்கிறேன். அது ஆடியிருக்கிறது. ஆடியதற்காக அடித்திருக்கிறேன். அடி விழுந்தால் போதவில்லை என்று அர்த்தம். அதனால் வாய் கிழியக் கிழிய இன்னும் நன்றாக ஆடிக் காட்டியிருக்கிறது.

ஒரு தடவைகூட அது எனக்குக் கீழ்ப்படியாமல் இருந்ததில்லை.

இவ்வளவும் புரிந்த பிறகுதான் தர்மகர்த்தா கேட்டார், நீங்களே பழக்கினதா என்று. இவ்வளவும் புரிந்த பிறகுதான் நான் ஆமாங்க என்றேன். எனக்குச் சிவப்புத் துண்டு போர்த்தினார்கள். பூசாரி குதிரையின் நெற்றியில் திருநீறு வைக்கக் கை நீட்டினார். அது தலையை வெடுக்கென்று பின்னுக்கு இழுத்துக்கொண்டது. கயிற்றைப் பிடித்து நின்ற பழனிச்சாமி குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பும் வழியில் கேட்டேன். "உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"மூணாம் நாளே சந்தேகந்தானுங்க."

"சொல்லியிருக்கலாமில்லீங்க?"

"சொன்னேனுங்களே," என்றார் மெதுவாக. "நீங்க மாடு கன்னு பாத்த குடும்பம். அதுக்கு மேல நான் எப்படிங்க சொல்றது?"

பவானியில்

அடுத்த வாரம் காதர் பாயைத் தேடிக்கொண்டு போனேன். வீட்டு முன்னால் கட்டிலில் காலை நீட்டிப் போட்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழ முயன்றார்.

"அம்மணி எப்படி இருக்குதுங்க?" என்றார்.

அதுதான் அதன் பெயர் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. நான் அதைச் செவலை என்றே கூப்பிட்டு வந்தேன், மாட்டைக் கூப்பிடுவது போல.

அவரிடம் பொய் சொல்ல முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். கடைவாய் கிழிந்ததைச் சொன்னேன். காதோரத் தழும்பைச் சொன்னேன். அவர் மனைவி கொண்டுவந்து வைத்த டீயில் ஆடை படர்ந்துவிட்டது.

"ஒருக்கா வந்து பாத்துச் சொல்லிக் குடுத்தீங்கன்னா..." என்றேன்.

"நான் வரலீங்க," என்றார். "பாத்தா ஊட்டுக்குக் கூட்டியாரோணும்னு தோணிப்போடும். இந்தக் காலை வச்சுட்டு என்னால பராமரிக்க முடியாதுங்க."

கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை. கட்டில் சட்டத்தில் ஒரு சணல் கயிற்றைப் போட்டு, எப்படிப் பிடித்தால் என்ன செய்யும் என்று காட்டிக் கொடுத்தார். கடைசியில், "கையை மேல தூக்காதீங்க," என்றார். "கொஞ்ச நாளைக்குங்களா பாய்?" என்று கேட்டேன். அவர் டீயை எடுத்துக் குடிக்கச் சொன்னார்.

கையைத் தொங்கவிட்டு

பட்டறை மூடியதும் தினமும் தோட்டத்துக்குப் போக ஆரம்பித்தேன். சாட்டையை அடுப்பில் வைத்தாயிற்று. கொட்டகை வாசலில் ஒரு முக்காலி போட்டு, கையைத் தொங்கவிட்டுக்கொண்டு உட்காருவேன். கொசு கடித்தாலும் அடிப்பதில்லை. அது மூலையில் நின்று என் கையையே பார்க்கும். அதன் கண்ணைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. அதனால் நானும் என் கையையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

தை பிறந்த பிறகு ஒரு நாள் ஊறவைத்த கொள்ளை என் மடியிலிருந்த தட்டில் வந்து தின்றது. தின்றுகொண்டே காதை மட்டும் என் பக்கம் வைத்திருந்தது. அதன் மூச்சு என் முழங்காலில் சூடாகப் பட்டது. எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுதால் கண்ணைத் துடைக்கக் கையைத் தூக்க வேண்டும். அப்படியே விட்டுவிட்டேன்.

மாசியில் ஏறினேன். இரும்புக் கடிவாளம் இல்லாமல் கயிற்றுத் தலைக்கட்டு மட்டும். லகானைத் தொளதொளவென்று விட்டேன். குரல் கொடுத்தால் நடக்கும் என்று பாய் சொல்லியிருந்தார். "போலாங்களா அம்மணி?" என்று கேட்டேன். குதிரையிடம் நான் முதன்முதலில் மரியாதையாகப் பேசியது அதுதான். குட்டை வரைக்கும் நடந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பினோம். பங்குனிக்குள் அவிநாசி ரோடு வரைக்கும் போய்வரும்படி ஆயிற்று. வழியில் யாரும் என்னை அண்ணாந்து பார்த்தார்களா என்று நான் கவனிக்கவில்லை. அதன் காதுகளைக் கவனிக்கவே நேரம் சரியாக இருந்தது.

மன்னித்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். சரோஜாவிடம் அப்படிச் சொல்லவும் செய்தேன். "அப்படீங்களா," என்றாள்.

அடுத்த கார்த்திகை வந்தது. ஒரு காலையில் தர்மகர்த்தாவும் ஊர்ப் பெரியவர்கள் இரண்டு பேரும் தோட்டத்துக்கு வந்தார்கள். நான் கொட்டகைக்கு வெளியே அம்மணிக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். அதை வேப்பமரத்தில் நீளக் கயிற்றில் கட்டியிருந்தோம். சரோஜா பாத்திரத்தோடு தோட்டத்து வீட்டு வாசலில் இருந்தாள்.

"போன வருசமாட்டவே இந்த வருசமும் நடத்திக் குடுக்கோணுமுங்க," என்றார் தர்மகர்த்தா. "பக்கத்து ஊர்ல எல்லாம் உங்க பேச்சுத்தானுங்க."

இனி அதை ஆடச் சொல்வதில்லை என்று நான் முடிவு செய்திருந்தேன். ஏன் என்று அவர்களிடம் சொல்லியிருக்க வேண்டும். நான் பழக்கவில்லைங்க, அடிக்க மட்டும் செய்தேனுங்க. இவ்வளவுதான். வாய்வரைக்கும் வந்தது. தங்கமான மனுஷனுக்குச் சொல்ல வரவில்லை.

"அதுக்குக் கால் சரியில்லீங்க," என்றேன். "முன்னங்காலு வீங்கிப்போச்சுங்க. நிக்கறதுக்கே செரமப்படுதுங்க." மறுபடியும் பழியைக் குதிரை மேலேயே போட்டேன்.

"அடடா," என்று மூவரும் வருத்தப்பட்டார்கள். தர்மகர்த்தா மடியிலிருந்து அம்மன் குங்குமப் பொட்டலத்தை எடுத்து நீட்டினார். கோவில் பிரசாதம். வாங்கும் முன், மரியாதைக்காகத் தோளில் கிடந்த துண்டை வீசி எடுத்து இடுப்பில் கட்டப் போனேன்.

என் கை தலைக்கு மேல் போனது. துண்டு காற்றில் ஒரு சத்தம் போட்டது.

பின்னால் குளம்புச் சத்தம் கேட்டது. திரும்பினேன். அம்மணி ஆடிக்கொண்டிருந்தது. தப்பட்டை இல்லை, லகான் இல்லை, முதுகில் ஆள் இல்லை. காதுகளைப் பின்னுக்கு மடித்து, என் கையையே பார்த்தபடி, வலது காலை மார்பு உயரத்துக்குத் தூக்கியது. பிறகு இடது காலை. என்னால் முடிந்தமட்டும் நன்றாக ஆடுகிறேன், அடிக்காதே என்பதற்கு அது வேறு எப்படித்தான் சொல்லும்?

மூன்று பேரும் அந்தக் கால்களைப் பார்த்தார்கள். ஒருவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"சரிங்க," என்றார் தர்மகர்த்தா. குங்குமத்தை என் கையில் வைத்தார். "காலு சீக்கிரம் சொகமாகட்டுமுங்க. நாங்க வாரோமுங்க."

அவர்கள் பாதை திரும்பும் வரை நான் அசையவில்லை. அது ஆடிக்கொண்டே இருந்தது. சரோஜா வாசலிலிருந்து, "ஏனுங்க, அதைய நிறுத்தச் சொல்லுங்க," என்றாள். லகான் இருந்தால் தளர்த்தலாம். கையில் துண்டுதான் இருந்தது. அதைக் கீழே போட்டுவிட்டுக் கையைத் தொங்கவிட்டேன்.

அம்மணி நின்றது. மூச்சு வாங்கியது. "இல்லீங்க அம்மணி, இல்லீங்க," என்று சொல்லிக்கொண்டே ஓர் எட்டு எடுத்து வைத்தேன். அது என்னைப் பார்த்தபடியே, கயிறு எட்டும் மட்டும் பின்னால் போய் நின்றுகொண்டது.